சிங்கப்பூர் காட்டில் களை பறித்தேன்

என் அண்ணன் தேவா சிங்கப்பூரில் ஒரு காட்டுக்குள் வேலை செய்கிறான் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. "சிங்கப்பூர்ல ஏதும்மா காடு? அங்க எல்லாம் கண்ணாடி பில்டிங்குதான்" என்று என்னையே திருத்துவார்கள். ஊத்துக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வரவேண்டிய ஊர் எங்களுடையது. இங்கிருந்து வெளிநாடு போன ஆண்கள் கட்டடம் கட்டப் போனார்கள், கப்பல் பட்டறைக்குப் போனார்கள். மரம் நடப் போனவன் என் அண்ணன் ஒருவன்தான்.

போன மாதம் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காடு இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வளையத்தை இழுத்து, அழுத்தி, சூடாக்கி, எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்பது என் வேலை. புதிதாக வரப்போகும் இயந்திரத்தைச் சிங்கப்பூரில் பத்து நாள் தங்கிக் கற்றுக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டும் என்றபோது என் பெயர் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அண்ணன் ஐந்தாவதோடு நின்றவன். நைனா தன் பெயரை எழுதமாட்டார், வரைவார். அம்மாவுக்கு இன்றும் கட்டைவிரல்தான். அந்த வீட்டிலிருந்து நான் விமானம் ஏறப்போவதை யாரிடமும் அடக்கமாகச் சொல்லவில்லை. பால்காரரிடம்கூட நிறுத்திச் சொன்னேன்.

கிளம்பும் அன்று காலை நைனா என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் நிலம். அதன் மூன்று பக்கமும் இப்போது குடோன் சுவர்கள். எங்களுடையதையும் கேட்கிறார்கள். நைனாவுக்கு முட்டி போய்விட்டது, முன்போல வரப்பில் நடக்க முடிவதில்லை.

"அவங்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுகினு வா" என்றார். "திரும்பி வந்து நெலத்த பாத்துக்குவானா, மாட்டானா? வரேன்னா நான் எப்டியாவது இழுத்துகினு போறேன். மாட்டேன்னா குடோன்காரனுக்கு குடுத்துர்றேன். போன்ல கேட்டா அவனுக்கு லைனு கட்டாயிடுது. நீ மூஞ்சப் பாத்து கேளு."

நான்கு வருடமாக அண்ணன் ஊருக்கு வரவில்லை. "அடுத்த வருசம்" என்று சொல்லும் இடத்தில்தான் அவன் லைன் எப்போதும் கட்டாகும். ஆக, ஒரு பெட்டி, அம்மா கட்டிக்கொடுத்த வடகம், ஒரு கேள்வி. மூன்றையும் சுமந்துகொண்டு போய் இறங்கினேன்.

முதல் நாள் சனிக்கிழமை. விடுதிக்குக் கீழே இருந்த கடையில் காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்தேன். தேங்காய்ப் பாலும் முட்டையும் காய்ச்சிய இனிப்புப் பூச்சோடு ரொட்டி வந்தது. நல்ல ருசி. கூடவே ஒரு கிண்ணத்தில் இரண்டு முட்டை, பாதிதான் வெந்திருந்தது. அதன்மேல் கறுப்பாக ஒரு சாஸ் ஊற்றிக் கலக்கிக் குடிக்க வேண்டுமாம். பக்கத்து மேசைக்காரர் செய்வதைப் பார்த்துச் செய்தேன். சளி மாதிரி இறங்கியது. கடைக்காரச் சீனக் கிழவர் வந்து, "நல்லாருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ரொம்ப" என்றேன். அவர் சந்தோஷப்பட்டு இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் அண்ணனைச் சந்தித்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனால் ஏதோ நம் பக்கத்துத் திருவிழாவுக்குள் நுழைந்ததுபோல இருக்கும். புல்தரையில் எல்லாம் ஆண்கள். போனில் பேசிக்கொண்டு, தூங்கிக்கொண்டு, ஊர்ப் பேச்சுப் பேசிக்கொண்டு. அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவன் கை தூக்கினான். உருவமே மாறியிருந்தான். தோள் அகன்று, முகம் ஒடுங்கி, கையெல்லாம் முள் கீறிய தழும்பு. அழுகை வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும், உடனே திட்ட ஆரம்பித்தான்.

"இன்னா பாப்பா, இவ்ளோ எளச்சிகினு கீற? அம்மா சோறு போடுதா இல்லியா?"

இலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனான். மீன் குழம்பு வந்ததும் நைனாவின் கேள்வியை எடுத்தேன்.

"மொதல்ல சாப்பிடு. எலைய முன்னால வெச்சிகினு இன்னா நெலத்து பேச்சு?"

"சாப்பிட்டா சொல்வியா?"

"சாப்பிட்டா பாயசம் தருவாங்க."

பாயசமும் வந்தது, போனது. அவன் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் விடுதிக்குத் திரும்பும் ரயிலில் மனம் லேசாக இருந்தது. பதில் வராத வரைக்கும் நிலம் எங்களுடையது என்று யோசித்திருக்கிறேன். அப்படி யோசித்தேன் என்பதே எனக்கு அப்போது தெரியவில்லை.

திங்கள் முதல் சனி வரை பயிற்சி. அந்தக் கதை எங்கள் மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இங்கே ஒன்று மட்டும். ரயிலில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "எங்க அம்மாவும் டாக்டர், பாட்டியும் டாக்டர். நான் என்ன ஆகணும்னு யாரும் கேட்கவே இல்லை." எனக்குச் சிரிப்பு வந்தது. என்னையும் யாரும் கேட்டதில்லை. ஆனால் எனக்கு முன்னால் யாரும் எதுவும் ஆகியிருக்கவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் காட்டைக் காட்டுகிறேன் என்றான். அந்தக் காடு இருக்கும் பூங்காவின் வாசலில் நிற்பதாகச் சொல்லி, பேருந்து எண்ணையும் இறங்கவேண்டிய நிறுத்தத்தையும் அனுப்பியிருந்தான். எனக்கு முன் இருக்கையில் ஒரு வயதான தமிழ்த் தம்பதி.

"குடை எடுத்து வரலியா?" என்றாள் மனைவி.

"மழை இல்லை" என்றார் கணவர்.

"வரும்."

"வந்தால் வரட்டும்."

இந்தப் பேச்சை ரசித்துக்கொண்டே நான் நடத்துநர் ஊர் பெயரைக் கூவுவார் என்று காத்திருந்தேன். அந்த ஊர்ப் பேருந்தில் நடத்துநரே கிடையாது. இறங்க வேண்டுமானால் நாமே மணியை அழுத்த வேண்டும். அழுத்தாததால் என் நிறுத்தம் வந்து, நின்று பார்க்காமல், போயேபோய்விட்டது. எழுந்து கத்தினேன், தமிழில். பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள்தான் எட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தேன். ஊத்துக்கோட்டைப் பேருந்தில் விசிலுக்கு முன்னால் இறங்கி ஓடுகிறவள் நான். அண்ணனிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"பன்னெண்டாவது பாஸு, லேபு, மெஷினு, எல்லாம் தெரியும். பெல்லு அடிக்கத் தெரியல" என்று வழியெல்லாம் சிரித்தான்.

பிறகு காடு. வாகனம் ஓடும் பெரிய சாலையிலிருந்து நூறு அடிகூட இருக்காது. உள்ளே நுழைந்ததும் சாலை இல்லை என்றாகிவிட்டது. சத்தம் முதலில் போனது, அப்புறம் வெயில். இலைக்கு மேல் இலை அடுக்கி, அதற்கும் மேல் இலை. கீழே வந்து சேரும் வெளிச்சம் பச்சையாக, நீருக்கடியில் இருப்பதுபோல இருந்தது. மழை எதுவும் பெய்யாமலே எங்கிருந்தோ சொட்டிக்கொண்டிருந்தது. பூச்சிகள் ஒரே சுருதியில் இரைந்தன. என் சித்தி இருக்கும் பொதட்டூர்பேட்டையில் தறி ஓடும் தெருவுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் இப்படித்தான் இருக்கும். திடீரென ஒரு பூச்சி நிறுத்தும், தறி நின்றதுபோல எல்லாமே நிற்கும். அந்த அமைதியில் நாங்களும் ஏனோ நின்றுவிடுவோம்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். உயரே கை காட்டினான். கறுப்பாக ஒரு குரங்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். எங்களைப் பார்த்தது. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு விழுவதுபோலத் தாவியது. கிளை வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது. அது போன பிறகும் நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் உள்ளே போனதும் படிகள் வந்தன. சிமெண்ட் படிகள், எட்டோ பத்தோ, பாசி மூடி. ஏறிப் போனால் மேலே வீடு இல்லை. தரை மட்டும் இருந்தது, நான்கு சுவர்களின் அடையாளமும். கூடமாக இருந்த இடத்தில் ஒரு மரம் நின்றது, இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமன். துவைக்கிற தொட்டி ஒன்றில் தலைப்பிரட்டைகள் நீந்தின.

"இது ஒரு ஊரு பாப்பா" என்றான் அண்ணன். "சீனக்காரங்க ஊரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே காலி பண்ணிட்டாங்களாம். பழத்தோட்டம் வெச்சிருந்தாங்க. அதோ பாரு, இன்னும் காய்க்குது."

சிவப்பாக, முடி வைத்த பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. பறிக்க ஆளில்லை. பறிக்கவும் கூடாதாம். நான் அந்த வீட்டுத் தரையில், அடுப்படி இருந்திருக்கும் என்று தோன்றிய மூலையில், கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஓர் ஊர் தூங்கிப்போனால் இப்படி ஆகும் போலிருக்கிறது, கனவு முளைத்து மரமாகி, கூரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. எங்கள் பக்கம் ஒரு நிலத்தை விட்டுப் போனால் காடு வராது. சுற்றுச்சுவர் வரும், நீலத் தகரக் கூரை வரும், லாரி வரும்.

"இங்கயே பேசிறலாம்ணா" என்றேன். "வருவியா, மாட்டியா?"

அவன் வாயைத் திறந்தான். அதே நேரம் பாதையில் யாரோ "தேவா!" என்று கூப்பிட்டார்கள். அவனுடைய சூப்பர்வைசர், மிஸ் லிம். ஐம்பது வயதிருக்கும், சேறு படிந்த பூட்ஸ், கழுத்தில் துண்டு. விடுமுறை நாளில் மரம் நட வந்த தன்னார்வலர் கூட்டம் ஒன்றை அழைத்து வந்திருந்தார். அண்ணன் என்னைப் பாதையோரம் ஒரு புதிய நடவு இடத்தில் நிறுத்திவிட்டு அவரிடம் பேசப் போனான்.

மரக்கன்றுகள் கயிறு பிடித்ததுபோல வரிசையாக நின்றன. நைனா பார்த்தால் மெச்சியிருப்பார். வரிசைக்கு நடுவே அங்கங்கே புல் தலைகாட்டியது, இரண்டு மூன்று நீண்ட இலையோடு, கோரை மாதிரி. நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் என்ன சொல்லப்போகிறான், அதை நான் எப்படி நைனாவிடம் சொல்லப்போகிறேன் என்பதுதான் மனசில். அப்படியே குந்தினேன் போலிருக்கிறது. கை போயிருக்கிறது. அடியில் பிடித்து, லேசாக ஒரு திருகு திருகி, வேர் அறாமல் இழுத்து, இடது கைக்கு மாற்றி, அடுத்தது. பள்ளி விடுமுறை ஒவ்வொன்றிலும் அம்மாவோடு களை பறித்தவள் நான். நெல்லுக்கும் நெல்லைப் போலவே நிற்கும் புல்லுக்கும் வித்தியாசம் கேட்டால் என்னால் சொல்ல முடியாது, விரல் சொல்லும். வரிசையில் நிற்பது பயிர், வரிசை தவறி நிற்பது களை. அவ்வளவுதான்.

ஒன்பது பிடுங்கியிருந்தேன்.

"ஐயோ பாப்பா! பாப்பா! இன்னா பண்ற?"

அண்ணன் ஓடி வந்தான். பின்னாலேயே மிஸ் லிம், அவருக்குப் பின்னால் தன்னார்வலர் கூட்டம் மொத்தமும். அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது. "அது புல்லு இல்ல. பிரம்பு. பிரம்புக் கன்னு. போன மாசம் நாங்க நட்டது. மரத்துல ஏறிப் போகணும்னு நடுவுல நட்டுகினு கீறோம்."

என் இடது கையில் ஒன்பது பிரம்புக் கன்றுகள், களைக்கட்டு மாதிரி அழகாக அடுக்கியபடி.

மிஸ் லிம் என்னைப் பார்த்தார். "ஏன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோபம்கூட இல்லை, நிஜமாகவே புரியாத கேள்வி. அண்ணன் எனக்காகப் பேச வந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஆங்கிலம் எனக்கு வரும்.

"மன்னிக்க வேண்டும். களை என்று நினைத்தேன். நாங்கள் நெல் பயிரிடுகிறவர்கள்" என்றேன்.

நேர்முகத் தேர்வுகளில் எல்லாம் "என் அப்பா விவசாயி" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "நாங்கள்" என்று என் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

"வேர் ஈரமாக இருக்கிறது" என்றார் அவர். "காயும் முன் நடு."

துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன். மூன்று விரலால் கன்றைப் பிடித்து, கட்டைவிரலால் குழி அழுத்தி, வைத்து, ஓரத்து மண்ணை அணைத்து, பின்பக்கமாக ஓர் அடி. அடுத்தது. நாற்று நடுகிறவர்கள் பின்னால்தான் போவார்கள், நட்டதை மிதிக்காமல் இருக்க. ஒன்பதும் முடிந்து நிமிர்ந்தேன். ஒரு தன்னார்வலர் தன் மகளிடம் மெல்லச் சொன்னது கேட்டது: "பார்த்தியா, அவள் குழி தோண்டவே இல்லை." மிஸ் லிம் ஒரு கன்றின் நுனி இலையைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. அண்ணன் பக்கம் திரும்பி, "உன் தங்கையை நல்ல பாதையில் கூட்டிப்போ" என்று சொல்லிவிட்டுத் தன் கூட்டத்தோடு நடந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இன்னமும் எனக்குச் சந்தேகம்.

கொஞ்ச தூரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. பாதையில் ஒரு கூரை இருந்தது, அதன் கீழ் ஒதுங்கினோம். மழை காட்டின் உச்சியில் விழுவது முதலில் காதுக்கு வந்தது, தண்ணீர் எங்களிடம் வந்துசேர வெகுநேரம் பிடித்தது. என் நகக்கண்ணில் மண். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இந்த வழியா மூணு வருசமா தெனம் போறேன், வரேன்" என்றான். "ஒரு நாளும் குனிஞ்சு ஒரு புல்லு புடுங்கணும்னு எனக்கு தோணினதில்ல. புடுங்க சொன்னா புடுங்குவேன். நீ வந்து நின்ன, அஞ்சு நிமிசம் ஆகல."

"தெரியாம பண்ணிட்டேண்ணா."

"அதான் சொல்றேன். தெரியாம பண்ண."

மழைக்கு மேல் குரலை உயர்த்தி, என்னைப் பார்க்காமல் சொன்னான். "நான் வரமாட்டேன் பாப்பா. மரம் ஏற கத்துகினு கீறேன். கயிறு கட்டி மேல போய்ட்டா, இந்த ஊரே கீழ பச்சயா கெடக்கும். எனக்கு அது போதும். சின்ன வயசுலயே நெலத்துக்கு போன்னா ஏரிக்குதான் ஓடுவேன், நைனாவுக்கு தெரியும். வரேன்னு பொய் சொல்லி அவர காக்க வெக்க மனசு வரல. வரலன்னு சொன்னா நெலம் போயிடும். அதான் லைன கட் பண்ணிகினே இருந்தேன்."

பதில் வந்துவிட்டது. நான் எதிர்பார்த்தபடியே. 

"அப்ப குடோனுக்குதானா?" என்றேன்.

"உங்கிட்ட கேட்டாரா?"

"என்ன கேக்கணும்?"

"நீ பாத்துக்குவியான்னு."

கேட்கவில்லை. எங்கள் பக்கம் நிலத்தைப் பற்றி மகனைத்தான் கேட்பார்கள். அவன் கடல் தாண்டி இருந்தாலும் கேள்வி அவனைத் தேடித்தான் போகும். அதைச் சுமந்துகொண்டு வர மகள் போதும். இதில் நைனாவை மட்டும் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. படித்தவள், சம்பாதிப்பவள், எல்லோரிடமும் பெருமை பேசுபவள், நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. படித்ததே அந்தச் சேற்றிலிருந்து கரையேறத்தான் என்று நினைத்திருந்தேன். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் கால் தானாக வரப்புக்குப் போவதை, காற்று வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அங்கே நடுப்பகல் என்றால் நம் ஊரில் நாஷ்டா நேரம். அங்கிருந்தே வீட்டுக்கு அழைத்தேன். வீடியோவில் அம்மா போனை நைனாவின் முகத்துக்கு மிக அருகில் பிடித்திருந்தாள். ஒரு காதும் பாதித் தாடையும் தெரிந்தன.

"கேட்டியா? இன்னா சொல்றான்?"

அண்ணனிடம் போனை நீட்டினேன். இந்த முறை அவன் லைன் கட்டாகவில்லை. "நான் வரல நைனா. மன்னிச்சுரு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, போனை என் கையில் திணித்தான்.

 எங்கள் வீட்டுக்குப் பின்னால் லாரி பின்னோக்கி வரும் சத்தம் போனில் கேட்டது. "சரி" என்றார் நைனா கடைசியில். "சரி, அப்ப வேற இன்னா."

"நான் பாத்துக்கறேன் நைனா" என்றேன்.

"இன்னாது?"

"நெலத்த. நான் பாத்துக்கறேன். குடுக்காத."

"நீ கம்பெனிக்கு போறவ."

"ஷிப்டு முடிஞ்சு வந்து பாப்பேன். நடவுக்கு லீவு போடுவேன். ஆள் வெச்சு பண்றது எப்டின்னு எனக்கு தெரியும், நீ முட்டிய வெச்சிகினு கரையில உக்காந்து திட்டு."

அம்மா போனைக் கை மாற்றினாள் போலிருக்கிறது, திரையில் கூரை தெரிந்தது, பிறகு தரை, பிறகு மறுபடியும் காது. "பொண்ணு சொல்றத கேளுய்யா" என்று அவள் முணுமுணுத்தது இரண்டு நாடுகளுக்கும் கேட்டது.

"கல்யாணம் ஆகி போயிட்டா?" என்றார் நைனா.

"நெலத்த தாண்டி போற எடத்துல என்ன கட்டி குடுக்காத."

அண்ணன் மழையைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்தான். நைனா தொண்டையைக் கனைத்தார். கோபம் வரும்போது கனைப்பார், வாய் அடைக்கும்போதும் கனைப்பார். போனில் எது என்று தெரியாது.

"எப்ப எறங்குற?"

"செவ்வாக்கெழம."

"புதங்கெழம காலைல அந்த குடோன் பார்ட்டி வராங்க. காருல, நாலு பேரு. வேணாம்னு சொன்னா ஏன், எதுக்குன்னு ஆயிரம் கேப்பாங்க. எனக்கு பேஜாரு." கொஞ்சம் நிறுத்தினார். "நான் ஊட்ல இருக்கமாட்டேன். நீயே பேசி அனுப்பு."